காலிஃபிளவர் மசியல்

காலிஃபிளவரை வேகவைத்து, நீரை நன்றாக வடித்து, வெண்ணெயோ பாலேடோ சேர்த்து மசிக்கும் தொடுகறி. மேலை நாடுகளில் வறுத்த இறைச்சிக்கும் மீனுக்கும் துணையாக வைக்கப்படும் உருளைக்கிழங்கு மசியலுக்குப் பதிலாக, மாவுச்சத்தைக் குறைக்க வேண்டியவர்கள் இதை உண்கின்றனர். தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து உண்டு. வேகவைத்த காலிஃபிளவரில் 4 கிராம் அளவே உண்டு; அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. எடைக் குறைப்பு மோகம் பெற்றெடுத்த புதுப் பண்டமாக இதைக் கருதுவது பிழை. இதன் வேர் நீரிழிவு நோயாளிகளின் சமையலறையில் இருக்கிறது.

முட்டைகோஸ், நூல்கோல், புரோக்கோலி, காலிஃபிளவர் நான்கும் பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே தாவர இனத்தின் வகைகள். காலிஃபிளவரில் நாம் உண்ணும் வெண்பகுதி, பூவாக மாறும் முன்பே வளர்ச்சி தடைப்பட்டுத் திரண்ட பூந்தளிர்க் கூட்டம். கிழங்கைப் போல அடுத்த பருவத்துக்கு மாவைச் சேர்த்துவைக்கும் வேலை அதற்கு இல்லை. பச்சைக் காலிஃபிளவரில் 92 விழுக்காடு தண்ணீர்தான். மாவுச்சத்து குறைந்திருப்பதற்கும், மசியல் நீர்த்துப்போகும் தொல்லைக்கும் காரணம் இந்த ஒன்றே. இந்தியாவுக்கு இச்செடி 1822இல் சகாரன்பூர் தோட்டத்தின் வழியாக வந்தது.

மசித்த காலிஃபிளவர் பிரெஞ்சுச் சமையலில் பழையது. பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி து பாரி சீமாட்டியின் பெயரால் வழங்கும் மசியலில், கெட்டித்தன்மைக்காக உருளைக்கிழங்கு மசியலையும் கலப்பார்கள். ஆகவே அதை இக்கட்டுரைக்குரிய உணவாகக் கொள்வதற்கில்லை. உருளைக்கிழங்கு முற்றிலும் விலகிய பிறகே காலிஃபிளவர் மசியல் தனி உணவாகிறது.

அந்த விலக்கு 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. இறுதிச் சடங்கு ஏற்பாட்டுத் தொழில் செய்துவந்த லண்டன்வாசி வில்லியம் பான்டிங், தாம் உடல் மெலிந்த கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். மருத்துவர் வில்லியம் ஹார்வி அவருக்கு விலக்கச் சொன்னவற்றுள் ரொட்டி, சர்க்கரை, பீர் ஆகியவற்றோடு உருளைக்கிழங்கும் இருந்தது. மற்றக் காய்கறிகளுக்குத் தடை இல்லை. எனினும் காய்கறிகளை மாவுச்சத்தின் அளவால் வரிசைப்படுத்தும் வேலையை முறையாகச் செய்தவர்கள் இன்சுலினுக்கு முந்திய கால அமெரிக்க மருத்துவர்களே.

நியூயார்க்கில் பிரெடரிக் ஆலன் நீரிழிவு நோயாளிகளைப் பட்டினி போட்டுச் சிறுநீரிலிருந்து சர்க்கரை மறைந்த பின்னரே உணவைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்தார். முதலில் கொடுத்தது மாவுச்சத்து மிகக் குறைந்த காய்கறிகளை. இம்முறையைப் பின்பற்றிய பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின், காய்கறிகளை 5, 10, 15, 20 விழுக்காட்டுப் பிரிவுகளாக அட்டவணையிட்டார். காலிஃபிளவர், முட்டைகோஸ், பசலை, வெள்ளரி, தக்காளி ஆகியவை 5 விழுக்காட்டுப் பிரிவு. கேரட், பீட்ரூட், வெங்காயம் 10. பச்சைப் பட்டாணி 15. உருளைக்கிழங்கு 20 விழுக்காட்டுப் பிரிவில், சோற்றுக்கு அருகில் இடம்பெற்றது. நோய் முற்றியவர்களுக்கு அந்த 5 விழுக்காடும் மிகுதி. அவர்களுக்காகக் காயை மூன்று முறை வெவ்வேறு நீரில் வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டிவிடுவார்கள். எஞ்சுவது ஏறத்தாழ வெறும் நார். சுவை என்று எதையும் அதில் எதிர்பார்ப்பதற்கில்லை. வயிறு நிரம்பினால் போதும் என்ற நிலை. 1922இல் இன்சுலின் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்ததும் இந்தக் கடும் பத்தியம் தளர்ந்தது. அட்டவணை மட்டும் தங்கிவிட்டது. 1950இல் அமெரிக்க நீரிழிவுக் கழகமும் பிறரும் வெளியிட்ட உணவு மாற்றுப் பட்டியலிலும் உருளைக்கிழங்கு ரொட்டியோடுதான் சேர்க்கப்பட்டது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றை உண்ணும் பழக்கத்துக்கு இப்பட்டியல்கள் துணைநின்றன.

ராபர்ட் அட்கின்ஸ் 1972இல் எழுதிய நூல் குறைமாவு உணவைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. மயாமி இதய மருத்துவர் ஆர்தர் அகட்ஸ்டனின் 'சவுத் பீச் டயட்' நூல் (2003) காலிஃபிளவரில் செய்யும் மசியலை உருளைக்கிழங்கு மசியல் என்ற பெயரிலேயே தந்தது. உண்பவர் ஏமாறுவார் என்ற நம்பிக்கை போலும். நாக்கு அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை.

செய்முறையில் கவனம் முழுவதும் நீரை ஓட்டுவதில் இருக்க வேண்டும். மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் பூவை அலசிப் புழு போக்கி, சிறு துண்டுகளாக்கி, இளந்தண்டையும் விடாமல் ஆவியில் வேகவைக்க வேண்டும். இட்லிப் பானை போதும். கொதிநீரில் போட்டால் காய் மேலும் நீர் குடிக்கும். கத்தி நுனி தடையின்றி இறங்கும்போது இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் வெந்தால் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து நாற்றம் எழும். வெந்த துண்டுகளை வெறும் வாணலியில் இளந்தீயில் சில நிமிடம் பிரட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும். மெல்லிய துணியில் கட்டிப் பிழிவதும் உண்டு.

மசிக்க மிக்சியே உரியது. உருளைக்கிழங்கை மிக்சியில் அரைத்தால் அதன் மாவு வெளிப்பட்டுப் பசையாகும். காலிஃபிளவரில் பசையாகும் அளவுக்கு மாவு இல்லாததால் எவ்வளவு அரைத்தாலும் வழவழப்பே கூடும். மத்தால் கடைந்தால் திப்பி நிற்கும். உருளைக்கிழங்கு தந்த கெட்டித்தன்மையை இங்கே கொழுப்புதான் தர வேண்டும். நடுத்தரப் பூ ஒன்றுக்கு 2 மேசைக்கரண்டி வெண்ணெய், 50 கிராம் கிரீம் சீஸ், வதக்கிய பூண்டு, உப்பு, மிளகு போதுமானவை. பால் ஊற்றினால் சூப்பாகிவிடும். சிலர் துருவிய சாதிக்காய் சேர்க்கின்றனர்.

வெண்ணெய் தாராளமானால் கலோரிக் கணக்கு தலைகீழாகும். காலிஃபிளவரில் உள்ள மேனிட்டால் சிலருக்கு வாயுத் தொல்லை தரும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும்.

இன்று அமெரிக்காவில் இம்மசியல் உறைநிலைப் பொட்டலமாகவும் கிடைக்கிறது. தமிழகத்தில், மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் பேலியோ உணவுமுறையினர் இதைச் செய்கின்றனர். அவர்களிடம் துருவிய காலிஃபிளவர் சோற்றுக்கே செல்வாக்கு மிகுதி.