பெரிசா, சின்னதா?

காருக்கு டர்போ மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் இருப்பதிலேயே பெரிசைப் பார்த்துத்தான் கை காட்டுகிறார்கள். அவசரப்படாதீர்கள், கொஞ்சம் சரித்திரம் கேளுங்கள்.

எஞ்சினிலிருந்து வீணாகப் போகும் புகையாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று 1905-ல் காப்புரிமை வாங்கினார் ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூகி.

1974-ல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு 260 குதிரைசக்தி. ஆனால் பெரிய விசிறி சோம்பேறி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. 'என்னடா இது?' என்று இன்னும் மிதிப்பதற்குள் யாரோ முதுகில் உதைத்த மாதிரி பாயும். வளைவில் பயந்து காலை எடுத்தீர்களோ, பின்பக்கம் சுழன்றுவிடும். 'விதவையாக்கி' என்றே அதற்குப் பட்டப்பெயர்!

ஸ்வீடனில் சாப் கம்பெனியின் எஞ்சினீயர் பெர் கில்பிராண்ட் நேர்மாறாக யோசித்தார். ஓட்டப்போவது ரேஸிலா, ரோட்டிலா? ரோட்டில்தான். அப்படியென்றால் சீக்கிரம் சுழலும் சின்ன டர்போ போதும். அழுத்தம் எல்லை மீறினால் ஒரு வால்வு திறந்து, உபரிப் புகையை விசிறிப் பக்கம் விடாமல் வெளியேற்றிவிடும். 1977-ல் அறிமுகமான சாப் 99 டர்போவுக்கு 145 குதிரைசக்திதான். ஆனால் முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டிய அந்த விநாடியில் அது கைகொடுத்தது.

சாப் கார் கம்பெனி 2011-ல் திவாலாகிவிட்டது. இன்றைக்குக் குடும்பக் கார்களில்கூட இருப்பது சின்ன டர்போதான். கடைக்காரர், 'எத்தனை குதிரை சார் வேணும்?' என்று கேட்டால், 'எந்த ஆர்.பி.எம்.மில் வேணும்னு கேளுய்யா' என்று சொல்லுங்கள்.