எடைக் குறைப்பில் ஊக்கத்தைத் தக்கவைத்தல்

உடல் எடையைக் குறைக்கத் தொடங்கியவர் அம்முயற்சியை ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் தொடர உதவும் மனநிலையும், அதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுகளும் இக்கட்டுரையின் பொருள். எடையைக் குறைப்பதைவிடக் குறைத்த எடையைக் காப்பது கடினம் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நெல்லை வட்டாரத்துச் சேரன்மகாதேவியும் அதைச் சுற்றியுள்ள தாமிரபரணிப் பாசன ஊர்களும் இங்கே முதன்மை எடுத்துக்காட்டு.

பின்னணி

தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015–16இல் தமிழகப் பெண்களில் 30.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 28.2 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2019–21இல் அது முறையே 40.4, 37.0 விழுக்காடாக ஏறியது. இந்தக் கணக்கு உடல் நிறைக் குறியீடு 25ஐ எல்லையாகக் கொண்டது. இந்தியருக்கு 23லேயே மிகை எடை தொடங்குகிறது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. இடுப்புச் சுற்றளவில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எச்சரிக்கைக் கோடு.

தாமிரபரணியின் தென்கரையில் கன்னடியன் கால்வாய் பாயும் நெல் வட்டாரத்தில் இருக்கிறது சேரன்மகாதேவி. காரும் பிசானமும் இங்குள்ள சாகுபடிப் பருவங்கள். உழவும் நடவும் அறுப்பும் கையுழைப்பாக இருந்த நாளில் வயலுக்குப் போனவருக்கு மூன்று வேளைச் சோறும் தேவைப்பட்டது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்து உழைப்பு குறைந்த வேகத்தில் தட்டிலிருந்த சோறு குறையவில்லை. இரவில் பரோட்டாவும் சால்னாவும் சேர்ந்துகொண்டன. சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியவர்கள் பத்தியம் இருப்பதாகவே நம்புகிறார்கள்; கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஊக்கம் தளரும் காரணம்

முதல் சில வாரங்களில் எடை மளமளவென இறங்கும். அதில் கணிசமான பங்கு நீர். பிறகு இறக்கம் மந்தமாகி, ஒரு கட்டத்தில் நின்றே போகும். பலர் விட்டுவிடுவது இங்கேதான். அதை மனவுறுதிக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் உடலே எதிர்த்து நிற்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2011இல் ஆஸ்திரேலியாவில் எடை குறைத்த 50 பேரைக் கவனித்தபோது, ஓராண்டு கழிந்தும் அவர்கள் உடலில் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. ஓய்வில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், அவர்கள் எடைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இத்தனை நீண்ட எதிர்ப்பைத் தொடக்க நாள் உற்சாகத்தை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது.

சென்னை ஆய்வுகள்

இப்பொருளில் தமிழ்நாட்டுக்கே உரிய சான்றுகள் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வுகளில் கிடைக்கின்றன. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. வியப்பு என்னவென்றால், மாற்றம் செய்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை.

2013இல் வெளியான அடுத்த ஆய்வு ஊக்கத்தையே நேரடியாகச் சோதித்தது எனலாம். வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பிரிவினரின் கைப்பேசிக்கு உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. மாறும் எண்ணமே இல்லாதவர், யோசிப்பவர், தொடங்கிவிட்டவர் என ஆளின் மனநிலைக்கேற்பச் செய்தியும் மாறியது. செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இங்கும் இரு பிரிவினரின் எடையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

எடை மெஷினை மட்டும் பார்த்து மனம் உடைபவருக்கு இவ்விரு முடிவுகளும் முக்கியமானவை. முள் அசையாத மாதங்களிலும் உள்ளே பலன் விளைந்துகொண்டிருக்கலாம். இடுப்பளவு, இரத்த அழுத்தம், சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை அளவு, மூச்சு வாங்காமல் சேரன்மகாதேவியை ஒட்டிய கொழுந்துமாமலைப் படியேற முடிகிறதா என்பது போன்ற வேறு அளவுகோல்களைக் கூடவே வைத்துக்கொள்வது ஊக்கத்துக்கு நல்லது. எடை பார்ப்பதையே நிறுத்திவிடச் சொல்வதும் சரியாகாது. 1994இல் அமெரிக்காவில் தொடங்கி, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காத்தவர்களைப் பதிவு செய்துவரும் பட்டியலில் உள்ளவர்களிடம் அடிக்கடி எடை பார்க்கும் பழக்கமும், நாளுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டிய உடலுழைப்பும் பரவலாகக் காணப்படுகின்றன. பால் கணக்கு நோட்டுப் போல, பார்த்த எண்ணைப் பதற்றமில்லாமல் எழுதி வைப்பதே போதும்.

ஊரும் உறவும்

சிறிய ஊரில் மெலிவது தனி விவகாரமாக இருக்க முடியாது. "என்னவே, வாடிப் போயிட்டீரு? சுகரு கிகரு உண்டா?" என்ற விசாரிப்பு தேநீர்க் கடையிலேயே தொடங்கிவிடும். பூசினாற்போல் இருப்பதுதான் சுகவாழ்வின் அடையாளம் என்ற பழைய எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. அந்தக் கேள்வியை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது: முயற்சி ஏதும் இல்லாமல் எடை குறைந்தால் நீரிழிவோ காசநோயோ இருக்கக்கூடும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். முயன்று மெலிந்தவரோ நாலுபேர் இப்படிக் கேட்டதும் சோர்ந்துபோய், கூட ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொள்கிறார்.

அதே உறவு துணையாகவும் திரும்பும். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தனியாகச் சேர்ந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரே குறைத்த எடையை முழுதும் காத்தனர். நண்பர்களோடு சேர்ந்து, குழு ஆதரவும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் காத்தனர். கால்வாய்க் கரையிலோ ஆற்றுச் சாலையிலோ விடிகாலை நடப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வாசலில் மதினி வந்து நின்றுவிட்டால் இன்றைக்கு முடியாது என்று சொல்ல வாய் வராது. பெண்களுக்கு இருட்டும் தெருநாயும் தனியாக நடப்பதற்குத் தடை என்பதால் கூட்டு இன்னும் அவசியமாகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை வகுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. சிறிய ஊர்க்காரருக்கு மாவட்டத் தலைநகரின் பாதையைவிட வீட்டு வாசலில் தொடங்கும் பாதையே உதவும்.

கொடைக் காலமும் இடைவெளியும்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், கோடையில் அம்மன் கோயில் கொடை விழாக்கள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார், இடையில் கல்யாணங்களும் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடும் என்று நெல்லை வட்டாரத்து ஆண்டு விருந்துகளால் நிறைந்தது. ஒரு நாள் மீறியதும் "எல்லாம் போச்சு" என்று முழுவதையும் கைவிடுவதை உளவியலாளர் தனி நிகழ்வாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கெடுதல் செய்வது விருந்தைவிட அந்த எண்ணம். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முயற்சி எப்படிக் குலைகிறது என்று பார்ப்பதற்காகவே சிலரை வாரக்கணக்கில் நிறுத்தச் சொன்னார்கள். எதிர்பார்த்தபடி குலையவில்லை. இடைவெளி விட்டவர்களும் விடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவே குறைத்திருந்தனர். திட்டமிட்டு விட்ட இடைவெளிக்குத் திரும்பும் தேதி இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொடைக்கு மூன்று நாள் என்று முன்கூட்டியே ஒதுக்கி, நான்காம் நாள் காலை நடைக்கு ஆளையும் சொல்லி வைப்பவர், விருந்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மறுவாரம் அல்வாக் கடையில் தோற்பவரைவிட நெடுந்தூரம் போகிறார்.

மருந்துகள்

பசியைக் குறைக்கும் வார ஊசிகளில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாகுளூடைடு மருந்தின் பெரிய சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. ஆனால் குறைத்ததைக் காப்பதுதான் இங்கும் கடினம்: மருந்தை நிறுத்தி ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் இவற்றைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.