கித்தாரும் யாழ்ப்பாணத்து வயலினும்

மெக்சிக்கோவிற் பிறந்த கித்தார்க் கலைஞர் கார்லொஸ் சந்தானா, 1973இல் ஆங்கிலேயரான ஜோன் மக்லாக்லினுடன் இணைந்து ‘லவ் டிவோஷன் சரண்டர்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். ஜோன் கொல்ட்ரேனின் இசைமீது கொண்ட பற்றும், வங்காளத்திற் பிறந்த சிறீ சின்மொயைக் குருவாக ஏற்றமையும் இருவரையும் பிணைத்தன.

பின்னர் மக்லாக்லின் அமைத்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு, 1975இல் நிகழ்ந்த கச்சேரியொன்றின் பதிவாகும். சாகிர் உசேனின் தபேலாவும் விநாயக்ராமின் கடமும் ஒலித்த அக்குழுவில் வயலின் வாசித்தவர் எல். சங்கர். சென்னையிற் பிறந்தவராதலின் அவரைத் தமிழகத்தவரென்று மட்டும் கொள்வது குறைபாடாகும். தந்தையார் வி. லட்சுமிநாராயணன் இசை கற்பித்த யாழ்ப்பாணத்திலேயே அவரது பிள்ளைப்பருவம் கழிந்தது. ஈழத்து இசை வரலாறு எழுதுவோர் இவ்வயலினையும் கணக்கிற் கொள்ளுதல் தகும். கொள்ளுங்கால் அது வெளியேறிய காரணத்தையும் எழுத நேரும். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தையடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. சங்கருக்கு அப்போது வயது எட்டு.