வர்ஷிப் என்ற சொல் வந்த வழி

1549-இல் இங்கிலாந்துத் திருச்சபை, பேராயர் தாமஸ் கிரான்மரின் முயற்சியில், தன் முதல் ஆங்கில மன்றாட்டு நூலை வெளியிட்டது. அதன் திருமணச் சடங்கில் மோதிரம் அணிவிக்கும் மணமகன், தன் உடலால் மணமகளை 'வர்ஷிப்' செய்வதாக வாக்குக் கொடுக்கிறான். இந்த வாக்கு அதற்கு முந்தைய கத்தோலிக்கச் சடங்கிலும் இருந்ததுதான். இன்று அந்தச் சொல்லுக்கு வழிபாடு என்று பொருள்; அன்று கேட்டவர் யாரும் திடுக்கிடவில்லை. பின்னாளில்தான் பியூரிட்டன் என்ற கடும் சீர்திருத்தப் பிரிவினர் முகம் சுளித்தார்கள். கடவுளுக்கு மட்டுமே உரியதை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதா என்று கேட்டார்கள்.

1604-இல் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் அரசர் கூட்டிய மாநாட்டில் ஜான் ரெய்னால்ட்ஸ் என்ற அறிஞர் இந்த வாசகத்தை ஆட்சேபித்தார். நல்ல மனைவி வாய்த்தவனுக்கு, அவளுக்கு எவ்வளவு சிறப்புச் செய்தாலும் தகும் என்றே தோன்றும் என்று அரசர் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. வாசகம் தப்பியது. 1662-இல் திருத்தி வெளியிட்ட நூலிலும் அப்படியே நின்றது.

அரசர் சொன்னதில் சொல்லின் வரலாறும் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் இது 'வெயொர்த்ஷிபெ'. முன்பாதியான 'வெயொர்த்', மதிப்பு, தகுதி என்று பொருள்படும். இன்றைய 'வொர்த்' அதன் நேர் வாரிசு. பின்பாதி, 'ஃபிரெண்ட்ஷிப்', 'லார்ட்ஷிப்' ஆகியவற்றில் நாம் பார்க்கும் அதே விகுதி. ஒரு நிலையைக் குறிப்பது. இரண்டும் சேர்ந்தால் மதிப்புடைய நிலை, பெருமை. 9-ஆம் நூற்றாண்டில், ஆல்பிரட் அரசர் காலத்து உரைநடையிலேயே இந்தப் பொருளில் வருகிறது. தெய்வத்துக்குச் செய்யும் வழிபாடு என்ற பொருள் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது.

பழைய பொருள் எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு விக்லிஃப் பெயரால் வழங்கும் 14-ஆம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. யோவான் நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில், தனக்கு ஊழியம் செய்பவனைத் தன் தந்தை சிறப்பிப்பார் என்று இயேசு சொல்லும் இடம் வருகிறது. அங்கே போட்டிருக்கும் வினைச்சொல் 'வர்ஷிப்'. அதாவது, கடவுள் மனிதனை 'வர்ஷிப்' செய்கிறார்! இன்றைய பொருளை ஏற்றினால் வசனமே தலைகீழாகிவிடும். அன்றைய வாசகருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் தாமஸ் மாலரி எழுதி, 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட ஆர்தர் கதைகளில் வீரர்கள் 'வர்ஷிப்' தேடிக் காடு மலையெல்லாம் அலைகிறார்கள். அவர்கள் தேடியது கோயிலை அன்று. போரில் கிடைக்கும் புகழை.

பிறகு ஏன் சுருங்கியது? இரண்டு காரணங்கள் சேர்ந்தன என்று கருதுகிறேன். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதைத் தொடர்ந்து பிரெஞ்சு மொழியிலிருந்து 'ஆனர்' வந்து நுழைந்தது. அரசவைக்கும் பிரபுக்களுக்கும் உரிய மரியாதையை மெல்ல மெல்ல அது எடுத்துக்கொண்டது. எஞ்சியதைச் சமயச் சீர்திருத்தம் முடித்தது. கடவுளுக்குரிய ஆராதனையை 'லாத்ரியா' என்றும், புனிதர்களுக்குச் செய்யும் வணக்கத்தைத் 'தூலியா' என்றும் கத்தோலிக்க இறையியல் கிரேக்கச் சொற்களால் பிரித்து வைத்திருந்தது. பொதுமக்களின் ஆங்கிலத்தில் அந்தப் பிரிவு இல்லை; 'வர்ஷிப்' இரண்டுக்கும் பொதுவாக நின்றது. புனிதர் உருவங்களை வணங்கலாமா என்று சண்டை மூண்டபோது அந்தப் பொதுமையே ஆபத்தானது. சொல்லைக் கடவுள் பக்கம் ஒதுக்கி வேலி போட்டார்கள்.

வேலி உடனே முழுமையாகிவிடவில்லை. புதிய பைபிள் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று ஹாம்டன் கோர்ட்டில் கோரியவரும் அதே ரெய்னால்ட்ஸ்தான். அதன் விளைவாக 1611-இல் வெளிவந்த பைபிளில், லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், விருந்தில் தாழ்ந்த இடத்தில் அமர்பவனுக்கு உடன் இருப்போர் முன்னிலையில் 'வர்ஷிப்' கிடைக்கும் என்றே இருக்கிறது.

'வர்ஷிப்' என்பதற்குப் பொருளில் நெருங்கிய சொற்கள் பெரும்பாலும் லத்தீன் வழி வந்தவை. 'ரெவரன்ஸ்' அச்சத்திலிருந்து பிறந்தது, 'டிவோஷன்' நேர்ந்துகொள்வதிலிருந்து. 'வெனரேஷன்' காதல் தெய்வமான வீனஸின் பெயரோடு ஒரே வேர் உடையது. 'வர்ஷிப்' மட்டும் எதிரில் இருப்பவரின் தகுதியைப் பார்த்துப் பிறந்தது. அச்சத்தில் எழும் வணக்கத்தைவிட இதுவே மேலானது என்பது என் எண்ணம்.

பட்டங்களில் பழைய பொருள் இன்னும் வாழ்கிறது. லண்டனின் பொற்கொல்லர் சங்கம் முதலான பழைய தொழில் குழுமங்கள் 'வர்ஷிப்ஃபுல் கம்பெனி' என்றே அழைக்கப்படுகின்றன. நகர மேயரும் மாஜிஸ்திரேட்டும் 'யுவர் வர்ஷிப்'. கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் சென்னையில் மாநகராட்சியையும் மேயர் பதவியையும் நிறுவியது. மேயருக்குரிய ஆங்கில மரியாதைச் சொல் தமிழில் 'வணக்கத்திற்குரிய மேயர்' ஆயிற்று. இலங்கையிலோ 'ரெவரெண்ட்' என்பதற்கு ஈடாகப் பாதிரியார் பெயருக்கு முன்னால் 'வண.' என்று எழுதுகிறார்கள். இரண்டும் நல்ல மொழிபெயர்ப்புகள். தெருவில் எதிர்ப்படுபவருக்கும் கருவறைத் தெய்வத்துக்கும் ஒரே 'வணக்கம்' சொல்லும் நமக்கு, விக்லிஃப் காலத்து ஆங்கிலம் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோரிடம் ஒரு வேண்டுகோள். 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய பக்கத்தில் இந்தச் சொல் வந்தால், உடனே 'வழிபாடு' என்று எழுதிவிடாதீர்கள். யார் யாருக்குச் செய்கிறார் என்று முதலில் பாருங்கள்; பல இடங்களில் 'சிறப்பு', 'பெருமை', 'புகழ்' என்பவையே பொருந்தும்.