ஒரு மாதம் குறைந்த கதை

1882-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக எழுதப்பட்ட சொத்து மாற்றுச் சட்டம், 107-ஆம் பிரிவில் ஒரு கோடு கிழித்தது. ஓராண்டைத் தாண்டும் குத்தகை என்றால் பத்திரமாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1908-ல் வந்த பதிவுச் சட்டமும் அதே கோட்டின் மேல் மை பூசியது. பதியாத தாள் கோர்ட்டில் செல்லாது என்றது. பெங்களூரை அடுத்த சந்தாபுரா அன்றைக்கு மைசூர் மகாராஜா சீமையில் ஒரு கிராமம். அந்தக் கோடு ஒருநாள் தன் சந்துக்குள்ளும் நீளும் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்குமுன் கதை கடல் கடந்து போய் வர வேண்டியிருந்தது.

1915, கிளாஸ்கோ. உலகப் போருக்குக் கப்பலும் குண்டும் செய்ய ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற இல்லத்தரசி கோவன் பகுதிப் பெண்களைத் திரட்டினார். ஏற்றிய வாடகையைக் கொடுப்பதில்லை என்று முடிவானது. காலி செய்ய வைக்க அதிகாரிகள் தெருவில் நுழைந்தால் யாராவது மணியடிப்பார்கள். பெண்கள் ஓடிவந்து மாவை வாரி இறைப்பார்கள். நவம்பர் 17-ல் வாடகை பாக்கிக்காகத் தொழிலாளர்கள் கோர்ட்டுக்கு அழைக்கப்பட்டபோது ஊரே திரண்டு வாசலில் நின்றது. ஆயுதத் தொழிற்சாலைகள் நின்றுவிடுமோ என்று லண்டன் நடுங்கியது. வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சிறு வீடுகளின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவிலேயே நிறுத்தும் சட்டம் பிறந்தது. போர் முடியும்வரைதான் என்றார்கள்.

அந்தத் தற்காலிகம் கப்பலேறி 1918-ல் பம்பாயில் இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் மறுபடி உயிர் பெற்று மாகாணம் மாகாணமாகப் பரவியது. பின்னாளில் கர்நாடகமான மைசூர் மாநிலம் 1951-ல் ஒரு சட்டம் போட்டது, 1961-ல் இன்னும் இறுக்கமாக இன்னொன்று. அந்த 1961 சட்டத்தை வாசித்த வீட்டுக்காரர் தூக்கம் இழந்திருப்பார். வீடு காலியானால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அதில் யார் குடியேறுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். குடிவந்தவரைக் கிளப்ப வேண்டுமானால் சட்டம் வரிசைப்படுத்திய காரணங்களில் ஒன்றைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். வழக்கு ஒரு தலைமுறைக்கு நீளும். சிலர் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். மற்றவர்கள் வக்கீல் ஆபீஸ் படி ஏறினார்கள்.

அங்கேதான் 1882-ன் அந்தப் பழைய கோடு தட்டுப்பட்டது. ஓராண்டைத் தாண்டினால்தானே பதிவு? தாண்டாவிட்டால்? கணக்குப்படி பன்னிரண்டு மாதம்கூட ஓராண்டைத் தாண்டுவதில்லை. ஆனால் தேதியில் ஒருநாள் பிசகினால் வம்பு. ஒரு மாதத்தைக் கழித்துவிட்டால் பதிவுக் கட்டணமும் இல்லை, சார்பதிவாளர் ஆபீஸில் கால்கடுக்க நிற்கவும் வேண்டாம். இன்று இந்தியா முழுக்க ஜெராக்ஸ் கடைகளில் அச்சாகும் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் இப்படிப் பிறந்ததுதான். காப்புரிமை கேட்டு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார். கெடு முடிந்தாலும் 1961 சட்டம் குடித்தனக்காரரைக் கைவிடவில்லை. வெளியேற்ற அதே கோர்ட், அதே காரணங்கள். தாயத்து கட்டியும் பேய் போகவில்லை.

பேயை ஓட்டியது வேறொரு எண். 31 டிசம்பர் 2001-ல் அமலுக்கு வந்த கர்நாடக வாடகைச் சட்டம், பெரிய நகரங்களில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. பணவீக்கம் ஏற ஏற, அந்தக் காப்பின் கீழ் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக நழுவின. கோபமோ ஊர்வலமோ இல்லாமல் கிளாஸ்கோவின் வாரிசு மெலிந்தது. மெலியவும் சரியான நேரம் பார்த்தது.

1978-ல் ஆர்.கே. பாலிகாவின் தலைமையில் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் தொடங்கிய எலக்ட்ரானிக் சிட்டி அதற்குள் வீங்கியிருந்தது. அதையடுத்துப் பொம்மசந்திரா தொழிற்பேட்டை, அதையும் தாண்டி ஓசூர் ரோட்டில் சந்தாபுரா. வாடகை கட்டுப்படியாகாமல் தள்ளப்பட்டவர்கள் வந்து சேர்ந்த ஊர். ஷீட் வீடுகள், ஒரே காம்பவுண்டில் வரிசை வீடுகள், 'டூ லெட்' பலகைகள். பெங்களூருக்கே உரிய பத்து மாத அட்வான்ஸைப் புரட்ட முடியாதவர்கள் வாய்ப்பேச்சிலேயே குடியேறினார்கள். தாள் வேண்டும் என்று ஓனரும் கேட்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இப்படியே ஓடியது, 2020 மார்ச் வரை.

கொரோனா ஊரடங்கில் வேலை போனவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் நெடுஞ்சாலைகளில் நடந்ததை நாடே பார்த்தது. ஜூலையில் மத்திய அமைச்சரவை மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அரசுப் பணத்தில் கட்டி ஆளில்லாமல் கிடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வாடகைக்கு விடலாம் என்பது கணக்கு. சண்டிகர், சூரத் போன்ற ஊர்களில் சில ஆயிரம் வீடுகளோடு அந்தக் கணக்கு திக்கியது. வாடகைக்காரருக்கான உதவி கடைசியில் வந்தது கரண்ட் பில் வழியாக.

2023-ல் கர்நாடக அரசு கிருஹ ஜோதியை அறிவித்தது: வீட்டுக்கு 200 யூனிட் வரை இலவச மின்சாரம். வாடகை வீட்டாருக்கு உண்டா என்று முதலில் ஒரே குழப்பம். உண்டு என்றார் முதல்வர் சித்தராமையா. குடியிருப்பதற்குச் சான்றாகக் கேட்கப்பட்ட ஆவணங்களில் வாடகை ஒப்பந்தமும் ஒன்று. அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருக்க ஒரு மாதம் கத்தரிக்கப்பட்ட தாள், அரசாங்கத்தின் முன்னால் நீட்ட வேண்டிய தாளாகிவிட்டது!

அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. சலுகை மீட்டரின் ஆர்.ஆர். எண் எனப்படும் இணைப்பு எண்ணோடு இணைந்தது. ஒரே மீட்டரில் நாலைந்து குடும்பங்கள் ஓட்டும் காம்பவுண்டில் 200 யூனிட் மாதம் முடியுமுன்பே கரைந்துவிடும். தாண்டினால் முழு பில். பதினோரு மாதத் தாள் கையில் இருந்தாலும், தனி மீட்டர் இல்லாத வரிசை வீட்டுக் குடித்தனக்காரர் வழக்கம்போல் ஓனர் சொன்ன கரண்ட் காசைத்தான் கொடுத்தார்.