அரசு ஆவணச் சிறப்புரிமை

அரசு ஒரு முடிவுக்கு வருமுன் அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கோப்புக் குறிப்புகள், யோசனைகள், அமைச்சரவைத் தாள்கள் ஆகியவற்றை நீதிமன்றத்தில் காட்ட மறுக்கும் சட்ட உரிமை. முடிவு அரசாணையாக வெளியே வரும். அதற்கு முன் யார் என்ன எழுதினார், யார் ஆட்சேபித்தார் என்பது கோப்போடு நின்றுவிடும்.

திருத்தணியை வைத்தே இதை விளக்கலாம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எச். வி. படாஸ்கரின் சமரசம், 1959-இல் வந்த எல்லை மாற்றச் சட்டம் என்று பல படிகள் ஏறி, 1960 ஏப்ரல் 1 முதல் மலைக்கோவிலும் ஊரும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அந்தச் சட்டத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் எந்தக் கிராமத்தைக் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று இப்படிப்பட்ட பேச்சுகளின்போது தலைமைச் செயலகங்களில் எழுதப்படும் குறிப்புகள் வேறு ரகம். அவற்றைக் கேட்டு ஒருவர் நீதிமன்றம் போனால், காட்டலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் துறைத் தலைவரா, நீதிபதியா? இந்தச் சிறப்புரிமையின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

இந்தியாவில் இதற்கு வேர் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த அச்சட்டத்தின் 123-ஆம் பிரிவு, வெளியிடப்படாத அரசு ஆவணங்களிலிருந்து சாட்சியம் சொல்லத் துறைத் தலைவரின் அனுமதி வேண்டும் என்றது. 162-ஆம் பிரிவு, ஆட்சேபம் சரியா என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம், அதற்காக ஆவணத்தைப் பார்க்கவும் செய்யலாம், ஆனால் அரசு விவகாரம் பற்றியதானால் பார்க்கக் கூடாது என்றது. அரசு விவகாரம் எது என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. குடிமக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஓர் ஆட்சி எழுதிவைத்த சட்டம் அது.

இங்கிலாந்திலும் அன்று இதே போக்குதான். 1939-இல் 'தீட்டிஸ்' நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். கட்டிய நிறுவனத்தின் மேல் குடும்பத்தார் வழக்குப் போட்டபோது, கடற்படைத் துறை கப்பலின் வரைபடங்களைத் தர மறுத்தது. அமைச்சர் சொன்னால் சொன்னதுதான் என்று 1942-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்தக் கதவை 1968-இல் திறந்துவிட்டது ஒரு சின்ன வழக்கு: டார்ச் விளக்கைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான பயிற்சிக் காவலர் ஒருவர், தன்னைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிய அறிக்கைகளைக் கேட்டார். இறுதிச் சொல் நீதிபதிக்கே என்று அதே சபை மாற்றிச் சொன்னது.

இந்திய உச்ச நீதிமன்றம் இதை முதலில் விரிவாக ஆராய்ந்தது சோதி சுக்தேவ் சிங் வழக்கில். பணி நீக்கப்பட்ட பெப்சு மாநில மாவட்ட நீதிபதியான அவர், தம் முறையீட்டின் மேல் அமைச்சரவை எழுதியதைப் பார்க்க விரும்பினார். 1960 நவம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றனர். ஆவணத்தை நீதிமன்றம் திறந்து பார்க்கவே கூடாது என்றனர். கே. சுப்பா ராவ் மட்டும், அரசின் மறுப்பைத் தள்ளும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அழுத்திச் சொன்னார். திருத்தணி ஆந்திராவில் இருந்த ஆண்டுகளில் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர்.

அவர் பக்கம் காற்று திரும்பப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இந்திரா காந்தியின் தேர்தலை எதிர்த்த ராஜ் நாராயண், பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'புளூ புக்'கைக் கேட்டார். 1975 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தேவைப்பட்டால் நீதிபதி ஆவணத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம் என்றது. பொது ஊழியர்கள் பொதுவில் செய்வதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி கே. கே. மேத்யூ எழுதியதுதான் பின்னாளில் தகவல் உரிமைக்கு அடிக்கல்லாயிற்று.

1981-இல் வந்த எஸ். பி. குப்தா வழக்கு தமிழர்களுக்கு நெருக்கமானது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மு. மு. இஸ்மாயில், கம்பராமாயண ஆய்வால் தமிழுலகம் போற்றியவர், கேரளாவுக்கு மாற்றப்பட்டார். போக மறுத்துப் பதவி விலகினார். அவர் இடத்துக்குப் பாட்னாவிலிருந்து கே. பி. என். சிங் மாற்றப்பட்டார். நீதிபதிகளின் மாற்றமும் நியமனமும் பற்றிச் சட்ட அமைச்சருக்கும் தலைமை நீதிபதிகளுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைக் காட்ட மைய அரசு மறுத்தது. அதிகாரிகள் மனம்விட்டு எழுத மாட்டார்கள் என்ற பழைய வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. கடிதங்கள் வெளியே வந்தன. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தன் குறிப்பு ஒருநாள் வெளியாகும் என்று அறிந்தவர் இன்னும் பொறுப்பாகவும் எழுதுவார்.

தகவல் உரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே இயற்றிவிட்டது. 2005-இன் மையச் சட்டம் அமைச்சரவைத் தாள்களுக்கு விலக்கு அளித்தாலும், முடிவெடுத்து விவகாரம் முடிந்தபின் காரணங்களையும் ஆதாரங்களையும் வெளியிடச் சொல்கிறது. கோப்புக் குறிப்புகளை இச்சட்டத்திலிருந்து எடுத்துவிட 2006-இல் நடந்த முயற்சி எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ரஃபேல் விமான பேர ஆவணங்களைச் சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' வெளியிட்டபோது அரசு மறுபடி 123-ஐ நாடியது. பிரசுரமான ஆவணத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் பழைய 123-ஐ 129 என்ற எண்ணில் அப்படியே வைத்துக்கொண்டது. 165-இல், அமைச்சர்களுக்கும் குடியரசுத் தலைவருக்கும் இடையே நடக்கும் தகவல் பரிமாற்றத்தை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்ற வரியைப் புதிதாகச் சேர்த்தது. அமைச்சரவை குடியரசுத் தலைவருக்குச் சொன்ன ஆலோசனையை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று அரசியலமைப்பின் 74(2) முன்பே சொல்லியிருந்தது. புதிய வரி இன்னும் அகலமானது. அரை நூற்றாண்டாக நீதிபதிகள் மெல்ல மெல்லத் திறந்த கதவில் ஒரு பகுதியை அது மூடுகிறது.

நீதிமன்றத்துக்கு வெளியிலும் அரசு ஆவணங்கள் மூடியே கிடப்பதுண்டு. 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில்தான் சீனப் போர் நடந்தது. தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கை 1963-இல் அரசிடம் தரப்பட்டது. அது இன்றும் பாதுகாப்பில் பயன்படும் தகவல்களைக் கொண்டது என்று 2010-இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் கூறினார். அதன் ஒரு பகுதியை 2014-இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் வெளியிட்டார். அரசு அந்த அறிக்கையை வெளியிடவில்லை.