இணையப் பாதுகாப்புத் தேர்வு: ஒன்றுபோல் தெரியும் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

எஸ்.பி.எம். முடித்தவர்களும் டிப்ளோமா மாணவர்களும் இணையப் பாதுகாப்புத் துறையில் நுழைவதற்கு இரண்டு தொடக்கநிலைத் தேர்வுகள் பரவலாக அறியப்பட்டவை. ஒன்று, ஐ.எஸ்.சி.2 அமைப்பு நடத்தும் ‘சர்டிஃபைட் இன் சைபர்செக்யூரிட்டி’, சுருக்கமாக சி.சி. இதற்கு வேலை அனுபவம் தேவையில்லை. தேர்வு நேரம் 2 மணி. 1000-க்கு 700 புள்ளிகள் எடுத்தால் தேர்ச்சி. மற்றொன்று, கோம்ப்டியாவின் ‘செக்யூரிட்டி பிளஸ்’. 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள்; 900-க்கு 750 புள்ளிகள் எடுக்க வேண்டும்.

இவ்விரண்டும் தமிழிலோ மலாயிலோ நடத்தப்படுவதில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், தேர்வில் ஆங்கிலம் என்ற நிலையில் நம் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சொற்களில்தான். ஆங்கிலத்தில் சேஃப்டி, செக்யூரிட்டி என இரு சொற்கள் இருக்க, தமிழில் ‘பாதுகாப்பு’, மலாயில் ‘கெசெலாமாத்தான்’ என ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். ‘ஆபத்து’, ‘அனுமதி’ போன்ற சொற்களும் அப்படியே. தேர்வோ அந்தச் சிறு வேறுபாட்டைத்தான் கேட்கிறது. ஆகவே ஒரு சொல்லை அதனோடு குழம்பக்கூடிய சொல்லுடன் சேர்த்துப் படிப்பதே நல்ல வழி.

அடிப்படையான மூன்று

கான்ஃபிடென்ஷியாலிட்டி, இன்டெக்ரிட்டி, அவெய்லபிலிட்டி ஆகிய மூன்றும்தான் பாடத்தின் அடித்தளம். தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கூடாதவர் அதைப் பார்த்தால் கான்ஃபிடென்ஷியாலிட்டி கெட்டது. பால் நிறுவையை யாரோ திருத்தி எழுதினால் இன்டெக்ரிட்டி கெட்டது. சம்பள நாளன்று புத்தகமே கைக்குக் கிடைக்காவிட்டால் அவெய்லபிலிட்டி கெட்டது.

2017-இல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் சந்தாதாரர் விவரங்கள் கசிந்தது கான்ஃபிடென்ஷியாலிட்டி தொடர்பானது. 2025 மார்ச் 23-ஆம் தேதி மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் பிணைப்பணம் கேட்டதாகவும், தாம் மறுத்துவிட்டதாகவும் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தெரிவித்தார். பிணைப்பணம் கேட்கும் ரேன்சம்வேர் வகைத் தாக்குதல் கோப்புகளைப் பூட்டி உரியவருக்கே கிடைக்காமல் செய்வதால், தேர்வில் அது முதன்மையாக அவெய்லபிலிட்டியோடு சேரும். தரவையும் திருடிச் சென்றதாகக் கேள்வியில் இருந்தால் கான்ஃபிடென்ஷியாலிட்டியும் சேர்ந்துகொள்ளும்.

த்ரெட், வல்னரபிலிட்டி, ரிஸ்க்

இம்மூன்றையும் நாம் ‘ஆபத்து’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். பெருமழையும் பொங்கி வரும் கிள்ளான் ஆறும் த்ரெட். குடியிருப்பு தாழ்வான இடத்தில் இருப்பது வல்னரபிலிட்டி. வெள்ளம் வீட்டுக்குள் நுழைவதற்கான வாய்ப்பும், நுழைந்தால் ஏற்படும் சேதமும் சேர்ந்தது ரிஸ்க். அதே மழை மேட்டில் உள்ள வீட்டுக்கும் பெய்கிறது. ஆனால் அங்கே ரிஸ்க் குறைவு.

கணினியில், புதுப்பிக்கப்படாத மென்பொருள் வல்னரபிலிட்டி. அந்த ஓட்டை வழியாக நடக்கக்கூடிய தாக்குதல் த்ரெட். அதனால் வாடிக்கையாளர் விவரங்கள் பறிபோகும் வாய்ப்பும் இழப்பும் ரிஸ்க்.

ரிஸ்க்கைக் கையாள நான்கு வழிகள் உள்ளன. அந்த இடத்தில் வீடே வாங்காமல் இருப்பது அவாய்டன்ஸ். வாசலில் தடுப்புச் சுவர் எழுப்புவது மிட்டிகேஷன். வெள்ளக் காப்புறுதி எடுப்பது டிரான்ஸ்ஃபரன்ஸ். தெரிந்தே ஏற்றுக்கொண்டு வாழ்வது அக்செப்டன்ஸ். காப்புறுதி என்ற சொல் கேள்வியில் வந்தால் விடை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபரன்ஸ்தான்.

வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வாசலுக்குப் போகிறீர்கள். காவலரிடம் உங்கள் பெயரைச் சொல்வது ஐடென்டிஃபிகேஷன். அவர் மைகார்டை வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆதென்டிகேஷன். எந்த புளோக், எந்த மாடிக்கு மட்டும் போகலாம் என்று விடுவது ஆதரைசேஷன். வந்த நேரத்தைப் புத்தகத்தில் குறிப்பது அக்கவுன்டிங். ‘நீ யார்’ என்பதை உறுதிசெய்வது ஆதென்டிகேஷன், ‘உனக்கு எதுவரை உரிமை’ என்பது ஆதரைசேஷன் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

இதையொட்டி வரும் ‘மல்டி ஃபேக்டர்’ கேள்வியில் ஒரு பொறி உண்டு. நமக்குத் தெரிந்தது, நம்மிடம் இருப்பது, நம் உடலின் அடையாளம் என ஃபேக்டர்கள் மூன்று வகை. கடவுச்சொல்லும் பின் எண்ணும் சேர்ந்தால் மல்டி ஃபேக்டர் ஆகாது. இரண்டுமே ‘தெரிந்தது’ என்ற ஒரே வகை. ஏ.டி.எம். அட்டையும் பின் எண்ணும் சேர்ந்தால் ஆகும்.

ஈவெண்ட், இன்சிடெண்ட், பிரீச்

கணினியில் கவனிக்கத்தக்க எது நடந்தாலும் ஈவெண்ட். ஓர் ஊழியர் உள்நுழைவதும் ஈவெண்ட்தான். பாதுகாப்பைப் பாதிக்கும் ஈவெண்ட் மட்டுமே இன்சிடெண்ட். தகவல் உரிமையற்றவர் கைக்குப் போய்விட்டால் அது பிரீச்.

இந்த வேறுபாடு தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. 2024-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, அதே ஆண்டு ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்தது. இதன்படி வங்கி, மின்சாரம், போக்குவரத்து போன்ற முக்கியத் துறைகளில் அடையாளம் காணப்பட்ட அமைப்புகள் இன்சிடெண்ட் குறித்து உடனே தகவல் தந்து, 6 மணி நேரத்துக்குள் விவரங்களையும் அளிக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, அறிவிக்க வேண்டிய பிரீச் நேர்ந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் விதி 2025 ஜூன் 1-இல் தொடங்கியது. இரவு வேலையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் ஊழியர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதைப் பொறுத்தே நிறுவனத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

தாக்குதல் நடக்கும்போதும் முக்கியச் சேவையை நிறுத்தாமல் நடத்துவது பிசினஸ் கன்டினியூட்டி. நின்றுபோன அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது டிசாஸ்டர் ரெகவரி. விமான நிலையத் தாக்குதலின்போது விமானச் சேவை நடவடிக்கைகள் பாதிக்கப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அது பிசினஸ் கன்டினியூட்டி சார்ந்த விஷயம்.

என்கிரிப்ஷன், ஹேஷிங்

என்கிரிப்ஷன் என்பது பெட்டியில் வைத்துப் பூட்டுவது. சாவி இருந்தால் திறக்கலாம். ஹேஷிங் அப்படியல்ல. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாததுபோல், ஹேஷிலிருந்து மூலத் தகவலைத் திரும்பப் பெற முடியாது. ஒரே தகவலுக்கு எப்போதும் ஒரே ஹேஷ் வரும். ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் முற்றிலும் மாறிவிடும். எனவே மறைப்பதற்கு என்கிரிப்ஷன், மாறியிருக்கிறதா என்று சோதிப்பதற்கு ஹேஷிங்.

ஏமாற்று வேலைகள்

போலி மின்னஞ்சல் ஃபிஷிங், எஸ்.எம்.எஸ். வழி வந்தால் ஸ்மிஷிங். தொலைபேசிக் குரல் வழி வந்தால் விஷிங். போலீஸ், நீதிமன்றம் என்று சொல்லி மிரட்டும் மக்காவ் மோசடி விஷிங் வகையைச் சேர்ந்தது. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு, நல்லது போல வேடமிட்டு வரும் ட்ரோஜன். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் சோஷியல் இன்ஜினியரிங் என்று படித்துவிட்டு நிறுத்தாமல், வீட்டில் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். பணம் பறிபோனால் உடனே வங்கிக்கும், 997 என்ற தேசிய மோசடி மறுமொழி மையத்துக்கும் அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறருக்குத் தமிழில் விளக்க முடிந்த சொல் தேர்வு அறையில் மறக்காது.

படிக்கும் முறை

நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல், எழுத்துப் பிசகாமல். இரண்டாவதில் தமிழில் ஒரு வரி விளக்கம். மூன்றாவதில் ‘இது எதுவல்ல’ என்று குழப்பும் சொல்லின் பெயர். விளக்கம் தமிழில் இருக்கட்டும். சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், தேர்வில் ஆங்கிலச் சொல்தான் வரும். நாளுக்குப் பத்துச் சொற்கள் போதும். மறுநாள் புதியதைத் தொடுமுன் முந்தைய பத்தையும் மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வியில் ‘ஃபர்ஸ்ட்’, ‘பெஸ்ட்’, ‘மோஸ்ட்’, ‘நாட்’ ஆகிய சொற்களைத் தேடுங்கள். நான்கு விடைகளும் சரிபோலத் தெரியும்போது முடிவு செய்வது அந்த ஒரு சொல்தான்.

பதிவு செய்யுமுன்

சி.சி. பயிற்சியையும் தேர்வையும் பத்து லட்சம் பேருக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தை ஐ.எஸ்.சி.2 2022-இல் அறிவித்தது. யாருக்கும் பணம் கட்டுமுன், அந்தச் சலுகையின் இப்போதைய நிலையை அதன் அதிகாரபூர்வ அகப்பக்கத்தில் பாருங்கள். தேர்ச்சிக்குப் பின் ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரு தேர்வுகளும் பியர்சன் வியூ வழி நடைபெறுகின்றன. பதிவில் கொடுக்கும் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். நம் பெயர்களில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ வருவதால் இதில் கூடுதல் கவனம் தேவை. உண்மைக் கேள்விகள் என்று விற்கப்படும் தொகுப்புகளை வாங்காதீர்கள். அவற்றைப் பயன்படுத்துவது தேர்வு விதிக்கு எதிரானது, சான்றிதழே ரத்தாகலாம். நம்பகத்தன்மையை விற்கும் துறையில் முதல் அடியே பொய்யாக வேண்டாம்.